வரம்பு கட்டிய சூது

திருக்குறட் பொருட்பாலிலே சூது என்பது தொண்ணூற்று நான்காம் அதிகாரம். அதனைக் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இடர்ப்பாடு அதிகம் இல்லை. தருமன் கதை உண்டு. நளன் கதை உண்டு. சீட்டாடிக் காணி பூமி விற்றவர் கதை எந்த ஊரிலும் உண்டு. பத்துக் குறளும் இரண்டு பாடவேளைகளில் முடிந்துவிடும். நான் ஆசிரியத் தொழிலிலே புகுந்த புதிதில், அவ்வாறு முடித்து நிமிர்ந்தபோது, கணக்கிலே கெட்டிக்காரனான மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஐயா, தோற்பவனுக்குச் சூது தீது என்பது விளங்குகிறது. கணக்கறிந்து ஆடி வெல்பவனுக்கும் அது தீதாகுமா?" என்று கேட்டான்.

"வென்றாலும் வேண்டா என்று நூலே விலக்குகின்றதே, இரும்" என்றேன். நூல் சொல்வதைத் திருப்பிச் சொன்னேனேயன்றி, ஏன் அவ்வாறு சொல்கின்றது என்பதைச் சொன்னேன் அல்லேன். மாணவன் இருந்துவிட்டான். வினா மாத்திரம் முப்பது ஆண்டுகளாக நின்றுகொண்டேயிருந்தது.

2023ஆம் ஆண்டிலே, உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றன்பொருட்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்குச் செல்ல நேர்ந்தது. அந்த மாணவர் இன்று லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அயலிலே பொறியியலாளராக வாழ்கிறார். என்னை வந்து கண்டு, நெடுநேரம் உரையாடி, புறப்படும் வேளையிலே, "ஐயா, நான் அன்று கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? அதற்கு விடை ஓரிடத்தில் இருக்கிறது. நாளைக்கு அழைத்துச் செல்லட்டுமா?" என்றார். அவர் அழைத்துச் சென்ற இடம் ஒரு சீட்டாட்டக் கூடம். கசினோ என்று வாயிலிலே எழுதியிருந்தது. பண்டிதர் ஒருவர் கசினோவிலே கால் வைத்த செய்தி இலக்கியப் பக்கத்துக்கு ஏற்றதா என்று சிலர் ஐயுறுதல் கூடும். பழைய வினா ஒன்றுக்கு விடை தேடிச் சென்றேன் என்பதே என் சமாதானம். நான் ஒரு சதமும் வைத்து ஆடவில்லை.

மேசையும் முறையும்

கூடம் பெரிது. நீள்வட்டமான மேசைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மேசையிலும் சீருடை அணிந்த ஒருவர் சீட்டுப் பகிர்ந்தார். சுற்றிவர ஒன்பதின்மர் ஆடினர். காசுக்குப் பதிலாக வண்ண வில்லைகள் வழங்கின. அவ்வில்லைகளை விரல்களாலே அடுக்குவதும் கலைப்பதும் ஆடுவோர்க்கு ஒரு பழக்கம். அவ்வோசை எல்லாம் ஒன்றுசேர்ந்து, தொலைவிலே ஓட்டுக் கூரைமீது மழை பெய்வதுபோலக் கேட்டது. சண்டை இல்லை, கூச்சல் இல்லை. சூதாடு களம் என்றவுடன் சகுனியின் சிரிப்பையும் துரியோதனன் ஆரவாரத்தையும் நினைத்துச் சென்ற எனக்கு, அவ்விடத்தின் அமைதி வியப்பாக இருந்தது.

என் மாணவர் அமர்ந்த மேசையில் ஆடப்பட்டது ஹோல்டெம் என்னும் போக்கர் ஆட்டம். அதன் முறையைச் சுருங்கச் சொல்லலாம். சீட்டுகள் 52. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். அவை அவரவர்க்கே உரியன. பின்னர் மேசை நடுவிலே ஐந்து சீட்டுகள் எல்லாருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்படும். முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியில் ஒன்று. கையிலுள்ள இரண்டும் பொதுவிலுள்ள ஐந்தும் ஆகிய ஏழினுள்ளே சிறந்த ஐந்தைத் தெரிந்து, எவர் உயர்ந்த சேர்க்கை காட்டுகின்றாரோ அவருக்கே நடுவிலுள்ள தொகை முழுவதும். ஒற்றைச் சோடியினும் இரட்டைச் சோடி உயர்ந்தது. அதனினும் ஓரெண் மூன்று உயர்ந்தது. அவ்வாறே தொடரெண் ஐந்து, ஓரினம் ஐந்து என ஏறிச் செல்லும்.

பந்தயம் வைக்கும் சுற்றுகள் நான்கு. பொதுச்சீட்டுத் திறக்கப்படுமுன் ஒன்று. மூன்று சீட்டுத் திறந்தபின் ஒன்று. நான்காவது திறந்தபின் ஒன்று. ஐந்தாவது திறந்தபின் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் பந்தயத்துக்கு ஈடு கொடுக்கலாம், உயர்த்தலாம், அன்றிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம்.

இனி, இவ்வாட்டத்தின் உயிர்நாடிக்கு வருவோம். அம்மேசையிலே வைக்கத்தக்க பந்தயத்துக்கு ஒரு வரம்பு உண்டு. முதல் இரண்டு சுற்றிலும் 4 டொலர். பின் இரண்டு சுற்றிலும் 8 டொலர். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு சுற்றிலே ஒரு பந்தயமும் மூன்று உயர்த்தலுமே செய்யலாம். ஆகவே, முதற் சுற்றில் 16, இரண்டாவதில் 16, மூன்றாவதில் 32, நான்காவதில் 32 என, ஒருவர் ஓர் ஆட்டத்திலே இழக்கத்தக்க பெருந்தொகை 96 டொலர். அதுவும் அரிதாகவே நிகழும். நாட்டை வைத்தல், தம்பியரை வைத்தல், மனைவியை வைத்தல் எல்லாம் ஈண்டு இயலா. வரம்பு விடாது.

"பார்த்தீர்களா, ஐயா?" என்றார் மாணவர். "சூது மனிதனை அழிப்பது அளவிறந்த பந்தயத்தாலே. இங்கே அளவு சட்டமாக இருக்கிறது. இரண்டாவது, இது வெறும் அதிட்டம் அன்று, அறிவு வேண்டும். மூன்றாவது, ஒரு சனிக்கிழமைப் பொழுதுக்கு நான் கொடுக்கும் விலை வேறு பொழுதுபோக்குகளின் விலையிலும் குறைவு. இதனையும் சூது என்று விலக்கத்தான் வேண்டுமா?"

மூன்றும் நேர்மையான வாதங்கள். ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து பார்ப்போம்.

அறிவின் பங்கு

இரண்டாவது வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில், அது ஒரு மாநிலத்தின் சட்டத்தையே நூறாண்டுக்கு மேலாக அலைக்கழித்த வாதம். கலிபோர்னியாவின் தண்டச் சட்டத்திலே, 1885ஆம் ஆண்டு, 'ஸ்டட் ஹோர்ஸ் போக்கர்' என்னும் ஆட்டம் பெயர் குறித்து விலக்கப்பட்டது. மற்றொரு வகைப் போக்கர் ஆட்டம் அறிவினாலே ஆடப்படுவது. ஆகவே அது விலக்கப்பட்டதன்று என்று 1911ஆம் ஆண்டிலே அம்மாநிலச் சட்டமா அதிபர் கருத்துரைத்தார். அக்கருத்தின் நிழலிலே, 1936 தொடக்கம், லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தெற்கேயுள்ள கார்டீனா என்னும் சிற்றூரில் சீட்டாட்டக் கூடங்கள் எழுந்தன. ஹோல்டெம் ஆட்டமோ அங்கே வெகுகாலம் இடம்பெறவில்லை. அது விலக்கப்பட்ட பழைய ஆட்டத்தின் வகையைச் சேர்ந்ததன்று என்று 1990ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

அந்த ஹோல்டெம் ஆட்டத்தின் பிறப்பிடம் டெக்சாஸ் மாநிலம். அங்குள்ள ரொப்ஸ்டவுன் என்னும் ஊரிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தோன்றியது என்று, அம்மாநிலச் சட்டமன்றம் 2007ஆம் ஆண்டிலே தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொண்டது. 1960களிலே டெக்சாஸ் ஆட்டக்காரர் அதனை லாஸ் வேகாஸ் நகருக்குக் கொண்டு சென்றனர். 1970 முதல் அந்நகரிலே ஆண்டுதோறும் போக்கர்ப் பெருவிழா நடக்கின்றது. 2003ஆம் ஆண்டு விழாவிலே கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர் ஒருவர் 25 இலட்சம் டொலர் வென்றார். அதன்பின் இளைஞர் பலர் வரம்பில்லாத ஆட்டத்தை நாடினர். அதற்கு முன்னே சீட்டாட்டக் கூடங்களிற் பெருவழக்காக இருந்த வரம்பு ஆட்டம், இன்று பெரும்பாலும் சிறுதொகை மேசைகளிலேயே எஞ்சியிருக்கின்றது. அம்மேசைகளிலே நரைத்த தலைகளே மிகுதி.

இவ்வாட்டத்திலே அறிவுக்கு இடமுண்டா? ஐயமின்றி உண்டு. 52 சீட்டிலிருந்து இரண்டை எடுக்கும் வகைகள் 1,326. இரண்டும் ஏஸ் ஆக அமையும் வகைகள் ஆறு மாத்திரமே. அஃதாவது, 221 தடவைக்கு ஒரு தடவையே அந்த முதற்சோடி கைக்கு வரும். எந்த எண்ணாயினும் சோடியாக வருவது 17 தடவைக்கு ஒரு தடவை. ஆகவே, நல்ல ஆட்டக்காரன் செய்யும் முதற்காரியம் விலகுதல். பத்து ஆட்டத்திலே ஏழு, எட்டு ஆட்டத்தைத் தொடாது விடுகின்றான். காத்திருக்கின்றான். ஓடும் மீனை ஓடவிட்டு உறுமீனுக்காக ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கின் பொறுமை அது. பின், காத்திருந்து பெற்ற சீட்டை எண்ணி ஆடுகின்றான். ஓரினச் சீட்டு நான்கு கைகூடி, ஐந்தாவதற்காக இறுதிச் சீட்டை எதிர்பார்ப்பவனுக்கு உதவுவன, காணாத 46 சீட்டிலே ஒன்பது. ஏறக்குறைய ஐந்திலே ஒன்று. நடுவிலுள்ள தொகை தான் கொடுக்கும் ஈட்டைப்போல் நான்கு மடங்குக்குமேல் இருந்தால் தொடர்தல் தகும். இல்லையேல் விலகுதல் தகும்.

இதனை என் மாணவர் விளக்கியபோது, இருதுபன்னன் தான்றி மரத்தின் காய்களை நோக்கிய மாத்திரத்திலே தொகை சொன்ன காட்சி நினைவுக்கு வந்தது. நளன் அவனிடமிருந்து எண்ணும் கலையைப் பெற்றான். கலி அவனை விட்டு நீங்கினான். அதன்பின்னர் ஆடி, இழந்த நாட்டை மீட்டான். ஆகவே, சூதிலே எண்ணறிவு உண்டு என்பதை நம் முன்னோரும் அறிந்தேயிருந்தனர். 'கணக்கறிந்தவன்' என்று மாணவன் அன்று சொன்னது வெறும் பேச்சன்று. அன்று நான் இதனையேனும் ஒப்புக்கொண்டிருக்கலாம்.

இரண்டு ஏஸ் தோற்ற கதை

மூன்று மணி நேரம் அவர் பின்னே ஒரு நாற்காலியில் இருந்து பார்த்தேன். இரண்டு மணி நேரம் அவர் கொக்கைப் போலவே ஆடினார். பின்னர் அவருக்கு இரண்டு ஏஸ் வந்தன. உயர்த்தினார். ஐவர் தொடர்ந்தனர், ஆளுக்கு 8 டொலர் வீதம் நடுவிலே 48 டொலர் சேர்ந்தது. பொதுவிலே 9, 6, 2 என்பன திறக்கப்பட்டன. அவர் 4 டொலர் வைத்தார். மூவர் ஈடு கொடுத்தனர். தொகை 64 ஆயிற்று. நான்காம் சீட்டு இராணி. அவர் 8 டொலர் வைத்தார். இருவர் விலகினர். எதிரே இருந்த முதியவர் ஒருவர், சற்றே யோசித்து, எட்டு டொலரை மெல்ல முன்னே தள்ளினார். ஐந்தாம் சீட்டு 5. முதியவர் கையைத் திறந்தார்: 9, 5. இரட்டைச் சோடி. ஏஸ் சோடி தோற்றது.

என் மாணவரின் காது சிவந்தது. "46 சீட்டிலே ஐந்துதான் அவருக்கு உதவுவன, ஐயா. அதை வைத்துக்கொண்டு எவராவது தொடர்வார்களா?" என்று என் காதிலே தமிழிற் பொருமினார். அதன்பின் நடந்ததுதான் என் கண்ணுக்குப் பாடமாக இருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்திலே அவர் விலகிய ஆட்டங்கள் மிகச் சில. தொடத்தகாத சீட்டுகளைத் தொட்டார். தொடரத்தகாத இடத்திலே தொடர்ந்தார். எவருக்கோ எதையோ நிரூபிக்க வேண்டியவர்போல ஆடினார். வரம்பு அப்படியே இருந்தது: 4 டொலர், 8 டொலர். பந்தயத்தை எவரும் மீறவில்லை. மீறியது அவர் மனம்.

திரும்பும் வழியிலே, "தம்பி, அந்த முதியவர் செய்தது பிழைதானா? கணக்குப் போட்டுப் பாரும்" என்றேன். நான் அறிந்து கேட்டேனல்லேன், அறியவே கேட்டேன். அவர் நேர்மையான கணக்கர். வண்டியைச் செலுத்திக்கொண்டே வாய்விட்டுக் கணக்கிட்டார். நடுவிலே இருந்தது 72 டொலர். கூடத்தின் கூலி ஐந்தைக் கழித்தால் 67. முதியவர் கொடுக்கவேண்டியிருந்தது 8. அஃதாவது, எட்டு மடங்குக்குமேல், ஏறக்குறைய 8.4 மடங்கு. உதவாச் சீட்டு 41, உதவுஞ் சீட்டு 5, விகிதம் 8.2. "ஐயா, அவர் தொடர்ந்தது சரிதான்" என்றார். நீண்ட நேரம் பேசவில்லை.

இது வரம்பு ஆட்டத்தின் உள்முரண். பந்தயம் சிறிது; தொடர்வோர் பலர்; ஆகவே நடுத்தொகை பெரிது. சிறு பந்தயத்தினாலே எவரையும் விரட்ட இயலாது. ஏஸ் சோடி ஒருவரோடு மாத்திரம் பொருதினால் நூற்றுக்கு 85 தடவை வெல்லும். நால்வரோடு இறுதிவரை பொருதினால் 56 தடவை. எண்மரோடு பொருதினால் 35 தடவை மாத்திரமே. எந்த வரம்பு இழப்பிலிருந்து ஆடுவோனைக் காக்கின்றதோ, அதே வரம்பு அவன் எதிரிகளையும் காக்கின்றது. ஆகவே, சிறந்த சீட்டுப் பெற்றவனும் அடிக்கடி தோற்கவேண்டும். அத்தோல்வியை அவன் மனம் தாங்கவேண்டும்.

கழிவிரக்கம் இரண்டு

இங்கே ஒரு வியப்பான செய்தியைச் சொல்லவேண்டும். கனடாவிலுள்ள அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மைக்கேல் போலிங்கும் அவர் துணைவர் மூவரும், இருவர் மாத்திரம் ஆடும் வரம்பு ஹோல்டெம் ஆட்டத்தைக் கணினி கொண்டு தீர்த்துவிட்டதாக, 2015ஆம் ஆண்டு ஜனவரியிலே 'சயன்ஸ்' என்னும் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டனர். அவர்கள் ஆக்கிய நிரலின் பெயர் செபியஸ். ஒருவர் தம் ஆயுள் முழுவதும் அதனோடு ஆடினாலும், அதன் ஆட்டத்தைக் குற்றமற்ற ஆட்டத்திலிருந்து வேறுபிரித்து அறிதல் இயலாது என்பது அவர்கள் கூற்று.

அது கற்ற முறையே நம் ஆராய்ச்சிக்கு உரியது. அதற்கு எவரும் சூழ்ச்சி சொல்லிக்கொடுக்கவில்லை. ஆட்டவிதியை மாத்திரம் கொடுத்து, தன்னோடு தானே ஆடவிட்டனர். ஒவ்வொரு முடிவுக்குப் பின்னும், வேறு விதமாகச் செய்திருந்தால் எவ்வளவு மிகுதியாகக் கிடைத்திருக்கும் என்று அது கணக்கிட்டது. அவ்வேறுபாட்டுக்கு அறிஞர் இட்ட பெயர் கழிவிரக்கம் என்று பொருள்படுவது. கழிவிரக்கம் மிகுந்த வழியை அடுத்த முறை சற்றே மிகுதியாக நாடும். குறைந்த வழியைக் குறைவாக நாடும். 4,800 செயலிகள் ஏறக்குறைய 70 நாள் இவ்வாறு இரங்கி இரங்கித் திருந்தியபின், ஆட்டம் தீர்ந்தது.

பொறி இரங்கினால் திருந்துகின்றது. மனிதன் இரங்கினால் என் செய்கின்றான்? அன்று என் மாணவர் செய்ததைச் செய்கின்றான். இழந்ததை எண்ணுகின்றான், அதனை இன்றே, இம்மேசையிலே, அம்முதியவரிடமிருந்தே மீட்கவேண்டும் என்று எண்ணுகின்றான். இழக்க இழக்கப் பற்று மிகும் என்ற உண்மையை, அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள், உடலின்மீது உயிர் கொண்ட பற்றுக்கு உவமையாக வைத்திருக்கின்றது. எத்தனையோ முறை கற்பித்த அந்த உவமையின் ஆழத்தை, அந்நிய நாட்டு மேசை ஒன்றின் பின்னே இருந்தபோதுதான் நான் கண்ணாரக் கண்டேன். நளன் எண்ணும் கலையைக் கற்றது மாத்திரம் போதவில்லை, கலியும் நீங்கவேண்டியிருந்தது. எண் வேறு, கலி வேறு. எண்ணைக் கற்றவனைக் கலி பற்றமாட்டான் என்று எந்த நூலும் சொல்லவில்லை.

கூலியின் கணக்கு

கலி நீங்கியவன் ஒருவன் உளனாயின், அவன் வெல்வானா? இதுவே மாணவன் அன்று கேட்ட வினாவின் நேர்ப்பொருள். இதற்கும் விடை காணலாம். அதற்குக் கூட்டலும் பெருக்கலுமே போதும்.

கலிபோர்னியாக் கூடங்களிலே போக்கர் ஆடுவோரின் வெற்றி தோல்வியிற் கூடத்தார்க்குப் பங்கில்லை. மேசைக்கும் சீட்டுக்கும் பகிர்வோர்க்குமாகக் கூலி வாங்குவர். நான் கண்ட மேசையிலே ஓர் ஆட்டத்துக்கு 5 டொலர். வென்றவர் பகிர்பவருக்கு ஒரு டொலர் அன்பளிப்பாகக் கொடுப்பது வழக்கம். ஆக, ஆட்டம் ஒன்றுக்கு 6 டொலர் மேசையை விட்டு நீங்குகின்றது. மணிக்கு ஏறக்குறைய 30 ஆட்டம். எனவே, மணிக்கு 180 டொலர். ஒன்பதின்மர்க்குப் பங்கிட்டால் ஆளுக்கு 20 டொலர்.

ஒன்பதின்மரும் ஆளுக்கு 200 டொலரோடு வந்து அமர்ந்தார்கள் என்று கொள்வோம். மேசையிலே உள்ளது 1,800 டொலர். எவரும் எழாமல், எவரும் புதிதாகக் காசு மாற்றாமல் ஆடினால், பத்து மணி நேரத்திலே மேசையில் ஒரு டொலரும் இராது. எவர் எவரை வென்றாலும் வெல்லட்டும். எல்லாருடைய பணமும் ஒரே வழியாக வெளியேறிவிடும். அம்மேசையிலே மணிக்கு ஒரு பெரும்பந்தயம், அஃதாவது 8 டொலர், இலாபம் பெற விரும்புகின்றவன், மற்றையோரிடமிருந்து மணிக்கு 28 டொலர் வெல்லவேண்டும். அதற்கு மற்ற எண்மரும் ஆளுக்கு 23 டொலருக்குமேல் இழக்கவேண்டும். பந்தயத்துக்கு வரம்பு உண்டு. கூலி மாத்திரம் ஆட்டந்தோறும் தவறாமல் வருகின்றது. பெருந்தொகை மேசையிலே இக்கூலி சிறு பங்கு. சிறுதொகை மேசையிலே அதுவே பெரும் பங்கு. பந்தயம் சிறிதாகச் சிறிதாக, அறிவின் பயனைக் கூலி விழுங்கிவிடுகின்றது.

இக்கணக்கை மாணவரிடம் சொன்னேன். "நான் பொதுவாக வெல்பவன், ஐயா" என்றார். "கணக்கு எழுதி வைத்திருக்கின்றீரா?" என்றேன். இல்லை என்றார். "வென்ற நாள்கள் நினைவிருக்கும், தோற்ற நாள்கள் மங்கிவிடும். தோற்றதை மனம் கணக்கிற் சேர்க்காது, ஆனால் மீட்கச் சொல்லும். ஓர் ஆண்டு எழுதும். நாள், போன நேரம், வந்த நேரம், கொண்டுபோன பணம், கொண்டுவந்த பணம். வேறொன்றும் வேண்டா" என்றேன். அவர் சிரித்தார். ஆயினும், ஆசிரியன் இட்ட வீட்டுவேலை என்று ஏற்றுக்கொண்டார்.

அம்மேசையைப் பற்றி ஒருபக்கச் சார்பாகப் பேசுதல் முறையன்று. ஏஸ் சோடியை வென்ற அந்த முதியவர், மனைவியை இழந்தவர். கிழமையில் இரு நாள் வருகின்றவர். பகிர்பவர் அவர் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். பக்கத்திலிருந்தவர் அவருக்குத் தேநீர் வருவித்தார். தமக்கு இது பொழுது கழிக்கும் இடம் என்பதையும், அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் அறிந்தே அவர் இருந்தார். வென்றபோது அவர் முகத்திலே மகிழ்ச்சி சிறிதே. தோற்றபோது வருத்தமும் சிறிதே. நம்மூர்த் திண்ணைகளிலே காசின்றி முந்நூற்று நான்கு ஆடி, பொழுது பட்டதும் சீட்டை அடுக்கிவிட்டு எழுகின்றவரின் முகம் அது. விலை அறிந்து, விலை கொடுத்து, எழவேண்டிய நேரத்தில் எழுகின்றவனுக்கு அது விளையாட்டு. என் மாணவரின் மூன்றாவது வாதம் அம்முதியவர்க்குப் பொருந்தும். அவருக்கே பொருந்துமா என்பதே கேள்வி.

குறிப்பேடு சொன்னது

2024ஆம் ஆண்டின் இறுதியிலே அவரிடமிருந்து கடிதம் வந்தது. மின்னஞ்சல் அன்று, கையெழுத்திலே எழுதியது. குறிப்பேட்டின் சுருக்கத்தை அனுப்பியிருந்தார். ஓர் ஆண்டிலே சென்ற நாள்கள் 62. ஆடிய நேரம் 310 மணி. இழப்பு 2,170 டொலர். அஃதாவது, மணிக்கு 7 டொலர். "ஐயா, கூலி மணிக்கு 20 டொலர் என்று நீங்கள் கணக்குச் சொன்னீர்கள். அப்படியானால் நான் மற்றையோரை மணிக்கு 13 டொலர் வென்றிருக்கிறேன். என் ஆட்டம் நல்ல ஆட்டமே. மேசையிலிருந்தவர்களை நான் வென்றேன், மேசை என்னை வென்றது" என்று எழுதியிருந்தார்.

பணம் அவரை வருத்தவில்லை. அவர் வருவாய்க்கு அது சிறுதொகை. மேலும் எழுதியிருந்தார்: "310 மணி என்ற எண்ணைத்தான் நான் மறுபடி மறுபடி பார்த்தேன். மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிக்க நேரமில்லை என்று மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவளுக்கு வயது பதினொன்று. இன்னும் உயிர்மெய் முழுவதும் தெரியாது." அவ்வளவில் அந்தப் பகுதி நின்றது. நானும் அதனைக் குறித்து விடையிலே ஒன்றும் எழுதவில்லை. எண்ணத் தெரிந்தவருக்கு எண்ணிக் காட்டுதல் மிகை.

அவர் ஆட்டத்தை முற்றாக விட்டுவிடவில்லை. மாதம் ஒரு முறை செல்கின்றாராம். குறிப்பேடும் உடன் செல்கின்றதாம். சனிக்கிழமைக் காலைகள் இப்போது அரிச்சுவடிக்கு உரியனவாம்.

கணக்கறிந்து வெல்பவனுக்கும் சூது தீதா என்ற வினாவுக்கு, முப்பது ஆண்டு கழித்து, விடை சொல்லத் துணிகின்றேன். தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு வெற்றியாளனை ஒப்பிட்ட புலவர், அவன் தோற்பான் என்று மாத்திரம் சொன்னாரல்லர். வெற்றியே அவனைப் பிணிக்கும் என்று சொன்னார். சிறிது வென்றவன் அன்றோ மீண்டும் செல்கின்றான்? வரம்பு பந்தயத்தைக் கட்டும்; அறிவு சீட்டைக் கட்டும்; நேரத்தையும் கழிவிரக்கத்தையும் கட்டுவதற்கு ஆடுவோனையன்றி வேறொருவர் இல்லை. அவன் அவற்றைக் கட்டவல்லவனாயின் அது விளையாட்டாகவே நின்றுவிடும். கட்டமாட்டானாயின், நான்கு டொலர் மேசையும் சூதாடு களமே.

இப்போது அவ்வதிகாரத்தைக் கற்பிக்கும்போது, பத்துக் குறளும் முடிந்தபின், கரும்பலகையிலே ஒன்பதின்மர், 1,800 டொலர், பத்து மணி நேரம் என்று எழுதி, மாணவரையே கணக்கிடச் சொல்கின்றேன். சென்ற தவணையிலே ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அப்படியென்றால் அங்கே என்றும் வெல்வது மேசைக்காரன் மட்டுமா?" என்று கேட்டாள். இம்முறை நான் எவரையும் இருக்கச் சொல்லவில்லை.